வீட்டாள் கூலி

புன்னாலைக்கட்டுவனில், மோட்டர் கொட்டிலின் நிழலுக்குள்
சங்கம் தந்த படிவத்தை விரித்தேன்.
காற்று தாளைத் தூக்க
ஒரு பிடி வெங்காயத்தை அதன்மேல் வைத்தார் குணபாலசிங்கம்.
கூட்டுத்தொகை வரவேண்டிய கட்டத்தில்
செம்மண் முதலில் விழுந்தது.

நாலு பரப்பு.
விதை வெங்காயம் எண்பத்து நாலாயிரம்.
பசளை, மருந்துப் பற்றுச்சீட்டெல்லாம்
பால்மாப் பைக்கற்றுக்குள் பக்குவமாய் இருந்தன.
உழவு, கரண்ட், நடவுக்கு வந்த பெண்களின் கூலி,
அவர்களுக்குத் தேத்தண்ணி, பணிஸ்.
இரண்டு லட்சத்து ஐயாயிரம்.
விளைந்தது ஆயிரத்து நானூறு கிலோ.

"கிலோ நூற்றி நாற்பத்தாறு விழுது.
இண்டைக்குச் சந்தையில இருநூற்றிப் பத்து.
பிறகென்ன பிள்ளை?"

கழிவை மறந்துவிட்டார்.
நூறு கிலோ கொண்டுபோனால்
தொண்ணூறுக்குத்தான் காசு.
மறுபடி வகுத்தேன்:
நூற்று அறுபத்திரண்டு ரூபா எழுபது சதம்.
சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை.

அடுத்த நிரல், குடும்ப உழைப்பு.
"அதுக்குக் கோடு போடும். வீட்டாள்தானே."

வீட்டாள், இரஞ்சிதமலர்,
குவியலுக்குப் பக்கத்தில் குந்தி
தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்.
நான் கோடு போடவில்லை.
எத்தனை நாள் என்றேன்.
"ஒரு அறுபது இருக்கும்," என்றார் அவர், வானத்தைப் பார்த்து.

"அறுபத்தொண்டு."
கத்தி நிற்கவில்லை.
"தையில சாமத்தில வெள்ளம் நிக்க
ரோச்சை வாயில கடிச்சுக்கொண்டு வரம்பு வெட்டினது ஆர்?
நீங்கள் காய்ச்சலெண்டு படுத்திருந்தியள்.
அதையும் எழுதும் தங்கச்சி."

எழுதினேன். நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு,
மற்றப் பெண்களுக்குக் கொடுத்த அதே கூலி.

இருநூற்று நாற்பத்தொன்பது ரூபா எண்பத்து நாலு சதம்.

பக்கத்துப் பீற்றூட்டுக்கு மோட்டர் இறைத்தபடி இருந்தது.
பாத்தி நிரம்பி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.
"அப்ப நட்டமோ?"
"நட்டம் உங்களுக்கில்லை."
முதன்முறையாக எழுந்தார்,
கையைச் சோட்டியில் துடைத்துக்கொண்டு.
"என்ர கூலியையெல்லோ
சந்தைக்குச் சும்மா குடுத்திருக்கிறியள்."

அவர் மோட்டரை நிறுத்தப் போனார்.
திரும்பி வர நேரமெடுத்தது.

பின்னேரம் சுன்னாகத்தில் ஒரு கிலோ வாங்கினேன்.
குறைத்துக் கேட்க வாய் வந்தது.
அந்தச் சாமம், அந்த ரோச், அந்தப் பல்
கிலோவுக்கு ஒரு ரூபா நாற்பத்து மூன்று சதம்,
இரண்டு தசமதானங்களுக்குத் திருத்தமாக.