பூஜ்யம் நாள்

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
கடிபட்ட நாளுக்குப் பூஜ்யம் என்று பெயர்.
அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு.
சீட்டு எழுதிய சிஸ்டர் ஜெசிந்தா
பேனாவை எடுக்காமலே கேட்டார்:
தெரு நாயா, வளர்ப்பா?
வளர்ப்பு.
யாருது?
என்னுது.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கட்டம்:
தூண்டப்பட்டதா, தூண்டாமலா?
துணி சுற்றிய வலது கை சொட்டிக்கொண்டிருந்தது.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.
தெரியலை சிஸ்டர், என்றேன்.
கட்டம் காலியாகவே போனது.

சோனங்குப்பத்தில் எங்கள் வாசல்
ஸ்கூட்டரும் ஐஸ்பெட்டியும் போக
ஒன்றரை ஆள் அகலம்.
கர்னல் எங்கள் நாய், ஆறு வயது.
பட்டாணி, கொழுந்தன் சிங்கப்பூர் போகும்போது
விசாவைக் காட்டிவிட்டுக்
கட்டிவிட்டுப் போனது.
நான்கு மாதம் ஒரே நிழலில் படுத்தவை,
ஒன்றின் காதை ஒன்று நக்கி.

அன்றைக்கு ஐஸ் பிளான்ட் கணக்கை முடித்து
ஒரு சங்கராத் தலையோடு வந்தேன்.
ஒரே தலை.
ஒரே தட்டில் வைத்தேன்.
இந்த இரண்டு வரியைச் சொல்ல
எனக்கு ஏழாம் நாள் ஊசி வரை ஆனது.

கர்னல் வாலை ஆட்டியது.
ஆடுகிற வால் நட்பு என்றே
சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தேன்.
இப்போது யோசித்தால் அது ஆடவில்லை.
கம்பமாய் நின்று
நுனி மட்டும் துடித்தது.
மற்ற உடம்பெல்லாம் நின்றுவிட்டது.
திறந்தே கிடக்கும் வாய் மூடிக்கொண்டது.
பட்டாணி முகத்தைத் திருப்பி
உதட்டை நக்கிப் பார்த்தது,
நான் போய்விடுகிறேன் என்பதுபோல்.
போக வழியில்லை.
வழியில் நான் நின்றிருந்தேன்.

உறுமல் அதற்குப் பிறகுதான்.

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை விட்டேன்.
இரண்டு பேர் அடித்துக்கொண்டால்
நடுவில் கையை விடுவது நம் ஊர் வழக்கம்.
கர்னல் திரும்பிய வேகத்தில்
என் பெயர் இல்லை,
ஆறு வருஷச் சோறு இல்லை.
முன்னால் இருக்கும் பல்லும்
பின்னால் பிடித்த கையும்
அதற்கு ஒரே சண்டை.
பல் இறங்கிய பிறகுதான் என்னை மோந்தது.
உடனே விட்டது.
ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் போய்ப் புகுந்து
மறுநாள் மதியம் வரை வெளியே வரவில்லை.
பட்டாணி மாடிப்படி ஏறிவிட்டது.
குழாயடியில் சோப்பும் கையுமாக
நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது
மீன் தலையைப் பூனை எடுத்துப்போனது.

சாக்கில் கட்டிச் சிதம்பரம் ரோட்டில் விட்டுட்டு வா,
என்றாள் பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி.
ருசி கண்டுட்டா விடாது.
கட்டிப்போட்டு நாலு சாத்து,
என்றார் அவள் வீட்டுக்காரர்.
நான் இடது கையால்
கிலோவும் ரூபாயும் எழுதப் பழகினேன்.
என் எட்டுகள் எல்லாம் படுத்துக்கொண்டன.
முதலாளி இரண்டு பக்கம் கூட்டிப் பார்த்துவிட்டு
நாயைத் திட்டினார்.

இப்போது இரண்டு தட்டு.
ஒன்று வாசலில், ஒன்று கொல்லையில்,
நடுவில் சாத்திய கதவு.
ஸ்கூட்டர் தெருவில் நனைகிறது.

இருபத்தெட்டாம் நாள்
அந்தக் கட்டத்தை நிரப்பணும் என்றேன்.
அதெல்லாம் யாரும் பார்க்கிறதில்லைம்மா,
தோளைக் காட்டுங்க, என்றார் ஜெசிந்தா.

அன்று சாயங்காலமே
கரை ஒதுங்கிய வலை மிதவை ஒன்றை
பட்டாணி கவ்விக்கொண்டு வந்தது.
கர்னல் எழுந்தது.
வால் ஏறியது.
வாய் மூடியது.
நானும் பெயர் சொல்லிக் கத்தவில்லை.
ஐஸ்பெட்டியின் தெர்மாகோல் மூடியை உருவி
இரண்டு மூக்குக்கும் நடுவில் இறக்கினேன்.
திடீரென்று முளைத்த வெள்ளைச் சுவரை
இந்தப் பக்கம் ஒன்று முறைத்தது,
அந்தப் பக்கம் ஒன்று.
மூலை உடைந்து உருண்டைகள் பறக்க,
அரிசி என்று ஓடிவந்த கோழி
கொத்திப் பார்த்துத் துப்பியது.

கர்னலின் வாய் மெல்லத் திறந்து
நாக்கு வெளியே தொங்கியது.
கை என்னிடமே இருந்தது.