அறுபத்தெட்டு அடி

செவ்வாய்தோறும்
காப்பி ஆறுவதற்குள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவேன்,
எங்கள் ஓடுபாதைக்குப் புதுவழி வரைகிறார்களா என்று.
ரோஸ்ட்விக். மொன்டானாவின் வடக்கு விளிம்பு.
கோதுமை, காற்று, மறுபடியும் கோதுமை.
பெரிய மருத்துவமனைக்குத் தரைவழியில் மூன்று மணி நேரம்,
சாலை திறந்திருந்தால்.

எட்டு மாதமாக ஒரே சொல்: வரைவில்.
வரைவில், வரைவில்.
ஜனவரியில் ஒருநாள்: கருத்துக்கு.
இருபது நாள் அவகாசம்.

வரைபடத்தைத் திறந்தேன்.
மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வர
கண்ணுக்குப் பதிலாக எண்களைத் தந்திருந்தார்கள்:
எந்தத் திசை, எவ்வளவு உயரம்,
எந்த இடத்தில் துணிவது,
துணியாவிட்டால் எப்பக்கம் திரும்பி ஏறுவது.
வழிநெடுக ஆளில்லா ஊர்கள் போல வானத்துப் புள்ளிகள்,
ஆங்கிலத்தில் எல்லாம் ஐந்தெழுத்து.
ஒன்றின் பெயர் லெஃப்ஸா,
கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சுடும் உருளைக்கிழங்கு ரொட்டி.
எங்கோ ஒரு மேசையில்
எங்களைத் தெரிந்த ஒருவர் சிரித்திருக்கிறார்.
நானும் சிரித்தேன்.

பிறகு அடியில், பொடி எழுத்தில்:
இரவில் அனுமதி இல்லை.

இங்கே டிசம்பரில் நாலரைக்கே இரவு.
செவிலி லனெட் பிக்பை
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு
"கிளம்பலாமா?" என்று கேட்பது
பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்.

காரணமும் இருந்தது.
கிழக்குமுனையில் ஒரு காட்டன்வுட் மரம்,
உயரம் அறுபத்தெட்டு அடி.
இறங்கும் சரிவைக் கிழிக்கிறதாம்.

எனக்குத் தெரியும் அந்த மரத்தை.
போன வருஷத்துக்கு முந்தின மே மாதக் காற்றில்
வேலிமேல் விழுந்தது.
கெர்மிட் ஊலாண்ட் இரண்டு குளிர்காலம் அதை எரித்தார்.
அந்த அடுப்பருகே நானும் சூப் குடித்திருக்கிறேன்.
சாம்பலாகித் தோட்டத்துக்குப் போய்விட்ட மரம்
கோப்பில் மட்டும்
ஓர் இலைகூட உதிராமல் நிற்கிறது.

அளவுநாடாவோடு போனேன்.
பனியைத் தள்ளினால் அடிக்கட்டை: பத்தொன்பது அங்குலம்.
படம் எடுத்துக்கொண்டிருந்தபோது
கெர்மிட் டிராக்டரை நிறுத்தினார்.
"என்ன தேடற?"
"உன் மரத்தை."
"விறகு தீர்ந்துபோச்சே."

விஷயத்தைச் சொன்னேன்.
கையுறையைக் கழற்றினார், மாட்டினார்.
நல்ல செய்தி கேட்டவர் முகமாக அது இல்லை.
பிறகு தாடையால் தெற்கே காட்டினார்:
போன கோடையில் அவர் எழுப்பிய தானியக் குதிர்,
வெயிலில் பளபளக்கும் தகரம்.
"அது இருக்கா உன் படத்துல?"

இல்லை.

இல்லாத மரம் இருக்கிறது,
இருக்கிற குதிர் இல்லை.
இந்த ஊரில் இரண்டையும் அறிந்தவர்கள்
அந்தப் பனியில் நாங்கள் இருவர்தான்.
நான் வாயை மூடிக்கொண்டால்
இரவு திறந்துவிடும்.

அன்றிரவு படிவத்தை நிரப்பினேன்.
பெயர்: சோல்வெய்க் ப்ரெக்கி.
தொழில்: விமானி.
கருத்து, ஒன்று: மரம் விழுந்துவிட்டது, படம் இணைப்பில்.
இரண்டு என்று தட்டினேன்.
எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.
தட்டுகள் காய்ந்த பிறகு திரும்பி வந்து எழுதினேன்:
தெற்கே புதுக் குதிர்,
ஏணிவைத்து உரிமையாளரே அளந்தது,
நாற்பத்தொன்பது அடி, உச்சிக் குழாய் சேர்த்து.
மூன்று: இங்கே நாலரைக்கே இருட்டிவிடும்.
அது கருத்தா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பதிலாக வந்தது
பெற்றுக்கொண்டோம் என்ற ஒற்றை வரி,
அடியில் ஒரு வரிசை எண்.

பிப்ரவரி கடைசிச் செவ்வாயில்
பட்டியலில் சொல் மாறியிருந்தது: மீண்டும் வரைவில்.
வெளியாகும் தேதி இருந்த கட்டம் காலி.
இந்தக் குளிர்காலம் போயிற்று.
அடுத்ததும் போகலாம்.

நேற்று மாலை வெறும் விமானத்தோடு திரும்பினேன்,
தெளிந்த வானம், எந்த வரைபடமும் வேண்டாத மாலை.
குதிரின் உச்சியில்
சிவப்பாக ஏதோ ஒன்று விட்டுவிட்டு எரிந்தது.
யாரும் கேட்கவில்லை கெர்மிட்டை.
முழங்கால் வலிக்காரர்,
நாற்பத்தொன்பது அடி ஏறியிருக்கிறார்.
கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தார்.