மா

மின்ஹோ.
ஊர்ப்பெயரின் வாலிலேயே
ஒரு பிரபு தொங்கும் ஊர்.
மலையைப் பிளந்து சாலை போட்டவர்கள்
லாரியில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள்
ஒரு கற்பூர மரத்தின் அடிவேரை.
நானூற்றுப் பத்து கிலோ. பாதி சேறு.

வெங் ஷுயிங் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
பம்புக் குழாயால் மூன்று நாள் அடித்தாள்.
சேறு போயிற்று, ஒரு நத்தை ஓடு போயிற்று,
தெரு முழுக்கத் தைல வாசம் ஏறிற்று.
வேர் தன் முஷ்டிக்குள் பிடித்திருந்த கல்லை மட்டும்
விடவில்லை.

நான்காம் நாள் ஒன்றும் செய்யவில்லை.
ஏழு பங்கு வானம் செய்தது, மூன்று பங்கு கை,
வேர் செதுக்குகிறவர்களின் கணக்கு அது.
அவளைக் கேட்டால்
அந்த மூன்றிலும் இரண்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது.

பேருந்து முதலாளி சாய் வந்தார்.
மைத்துனருக்கு மாவட்ட அலுவலகத்தில் நாற்காலி உயரப்போகிறது.
"குதிரை. அதன்மேல் குரங்கு.
தேனீ ஒன்று, மறந்துவிடாதே."

அங்கே விலங்குகளுக்கு இரட்டை உத்தியோகம்.
வௌவால் பறக்கவும் வேண்டும், பாக்கியமாகவும் வேண்டும்.
மீன் நீந்திக்கொண்டே
வீட்டில் மிச்சம் சேர்க்க வேண்டும்.
மான் மேயும்போதே அரசாங்கச் சம்பளம்.
மா ஷாங் என்றால் குதிரைமேல். 'உடனே' என்றும்தான்.
ஃபெங் தேனீ. பட்டம் சூட்டுவதும் ஃபெங்.
ஹோ குரங்கு. பிரபுவும் ஹோ.
கூட்டிப் படித்தால்:
உடனே உனக்குப் பிரபு பட்டம்.
வாய் திறக்காமல் சொல்லிவிடலாம்.
வரவேற்பறையில் வைத்தால் போதும்.

(எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.
என் மொழியிலும் மா குதிரைதான்.
மாமரமும் மாதான்.
மரத்திலிருந்து விலங்குக்குப் போக
எங்களுக்கு உளி வேண்டியிருந்ததில்லை.)

ஆனால் ஷுயிங்குக்கு வேண்டும்.
வேரில் குதிரைக்கு மூன்று கால் இருந்தது.
நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் கல்.
ஒட்டுவேலை அவளுக்குப் பிடிக்காது.
கல்லையே குளம்பாக்கிவிட்டாள்,
எதையோ மிதித்துவிட்டு
இன்னும் காலை எடுக்காத குதிரை.
முதுகில் ஒரு கணு, அது கேட்காமலே குரங்காயிற்று.
கற்பூர வேரைப் பூச்சி அண்டாது;
தேனீக்குத்தான் மிகவும் பாடுபட்டாள்,
விரல் நகத்தளவு, இரண்டு முறை இறக்கை உடைந்து.

எண்ணெய் பூசிக் காயவைத்த வாரம்
மைத்துனரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள்.
சாய் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:
"எந்தக் குதிரை? நான் எதுவும் கேட்கவில்லையே."
முன்பணத்தையும் கேட்கவில்லை.

மழைக்காலம் முழுக்க
குதிரை கடை வாசலில் நின்றது.
குரங்கின் நீட்டிய கையில்
யாரோ ஹெல்மெட் மாட்டிப் போனார்கள்.
பதவி கேட்பவர்கள் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள்.

டோஃபு விற்கும் யூ பிங்லான்
ஒரு காலை ஸ்கூட்டரை நிறுத்தி
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.
"இது நான்.
நான் குதிரை வருஷம். பையன் குரங்கு வருஷம்.
ஏறி உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது,
இறங்க மாட்டேன் என்கிறான்."

ஷுயிங் நிமிர்ந்தாள்.
செதுக்கிய ஐந்து மாதமும்
இப்படிப் படிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"தேனீ யார்?"

பிங்லான் பின்புறம் போய்க் குனிந்து பார்த்தாள்.
"வீட்டுக்கடன்."

விலை படியவில்லை. பாதி பணம்,
மீதிக்குப் புத்தாண்டு வரை தினம் இரண்டு கட்டி டோஃபு.
தூக்க ஆறு பேர் வந்தார்கள்.
ஸ்கூட்டரின் பின்னால் நடந்த பையன்
குரங்கின் முகத்தைப் பார்த்தான், தன் முகத்தைத் தடவினான்,
"என் மூக்கு இப்படியில்லை" என்றான்.

வாசலில் குதிரை நின்ற இடத்தில்
தரை இன்னும் ஈரமில்லாமல் இருக்கிறது.
மூன்று குளம்பு, ஒரு கல்.
நாளை வேறு லாரி வரும்.