எழுபதைத் தாண்டினால்

எழுபதைத் தாண்டினால் ஒரு முனகல் வருது, என்றான் ஹிதேஷ்.
கொருக்குப்பேட்டையில்
எழுபதுக்கு எங்கே போவது?
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருபது.
கேட் போட்டுவிட்டால் சைபர்.
அவன் வீடு மின்ட் தெரு.
அங்கே நடக்கவே இடமில்லை.

மஞ்சள் வண்டி. இரண்டே சீட்டு.
தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நாலு விரல்.
என் கடை வாசல் மேட்டில் அதை ஏற்ற
இரண்டு பலகையும் மூன்று ஆளும் வேண்டியிருந்தது.
"மெக்கானிக் இல்லையா?" என்று என்னிடமே கேட்டான்.
கையின் கிரீஸைக் காட்டினேன்.

விடிகாலை நாலு மணி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு.
இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே கிடைத்த சந்தில்
மிதித்தேன்.
அறுபத்தெட்டு.
எழுபத்தொன்று.
வந்தது,
நாலு தெரு தள்ளி மாவு மில் ஓடுகிற மாதிரி.
இடப்பக்கம் லேசாக ஒடித்தேன், அடங்கிற்று.
வலப்பக்கம் ஒடித்தேன், ஏறிற்று.
பாரம் விழும்போது முனகுகிற தோள்தான்
பழுதான தோள்.
இடது பின்சக்கரம்.
"பாட்டைச் சத்தமா வெச்சா கேக்காதுக்கா."
எத்தனை நாளாக அப்படி வைக்கிறாய்?
"பொங்கல்லேர்ந்து."
இது பங்குனி.

அச்சு நட்டுக்கு நாலடிக் குழாய் சொருகி
இன்னாசி அதன்மேல் ஏறி நின்றான். அசையவில்லை.
குதித்தான்.
கடைவாய்ப்பல் பிடுங்கிய சத்தத்தோடு விட்டது.
ஹப் தனியாக வராது என்று தெரியும்,
பேரிங்கின் உள்வளையத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தது.
கிரைண்டரால் வளையத்தில் ஒரு கீறல்,
மயிரளவு மிச்சம் வைத்து நிறுத்தி,
உளி, ஒரே அடி.
குண்டுகள் ஓடிய தடத்தை நகத்தால் தடவினேன்:
அம்மை வார்த்த முகம்.
கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு சேறு.
கார்த்திகை மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாலத்தில்
நீந்தினாயா என்று வண்டியைக் கேட்டேன்.
"ஒரே ஒரு தடவ," என்றான் ஹிதேஷ்.

புது பேரிங்குக்கு அன்றிரவு தங்கல் காசிமேட்டில்.
இன்னாசியின் அக்கா மீன்பெட்டியில்,
மூன்று பிளாஸ்டிக் கவர் சுற்றி,
சங்கராவுக்கு அடியில், ஐஸில்.
காலையில் அவன் கொண்டுவருவதற்குள்
நக்கிளைச் சூடு பண்ணி வைத்திருந்தேன்.
சுருங்கினதும் விரிந்ததும்
ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும் நேரம்
அரை நிமிடம்.
கொண்டை ஊசியை உருவி இரண்டு முகத்திலும் வைத்துப் பார்த்தேன்,
ஒட்டுகிற முகம் உள்ளே, சென்சார் பக்கம்.
வெளிவளையத்தில் மட்டும் அழுத்துடா,
உள்வளையத்தில் அழுத்தினால்
புதுசு இன்றைக்கே பழசு.
பிரஸ்ஸின் முள் ஏறி, நடுங்கி, நின்றது.
உட்கார்ந்துவிட்டது.
கொண்டையை மறுபடி முடிந்துகொண்டேன்.

மறுநாள் அதே ரோடு, அதே நாலு மணி.
எழுபத்தொன்று. ஒன்றுமில்லை.
எண்பது. டயர், காற்று,
இடப்பக்கம் கடல், அவ்வளவுதான்.
"சைலன்ட்டு!" என்று ஹிதேஷ் யாருக்கோ போன் போட்டு,
எழுப்பியதற்குத் திட்டு வாங்கினான்.
எண்பத்திநாலில்
எனக்கு மட்டும் கேட்டது.
வலப்பக்கம்.
மெலிசாக.
பெரிய சத்தத்துக்குப் பின்னால்
பொங்கலிலிருந்து ஒளிந்திருந்த ஒன்று.

திரும்பும்போது கேட் போட்டிருந்தார்கள்.
நின்ற சக்கரத்துக்கு நோயில்லை.
கூட்ஸ் போயிற்று. வேகனுக்கு எட்டு பேரிங்,
எண்ணிக்கொண்டே இருந்தேன்,
இருபத்தாறாவது வேகனில் ஏதோ ஒன்று அழுதது,
யாரும் திரும்பவில்லை.
"வண்டிக்குள்ள மீன் வாசனை வருதுல்ல?" என்றான்.
வலதும் போகுது, என்றேன்.
"எழுபதுலயா?"
எண்பத்திநாலு.
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப எண்பதுலயே ஓட்டிக்கிறேன்க்கா."

கேட் ஏறியது.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் ஒரு மீன்பாடி வண்டி.
முதல் கியர்.
ஐந்து.
ஒன்பது.