நிலையாணை

ஆரம்பாக்கத்தில் கம்பெனி வாசலுக்கு
தினமும் பத்து மணிக்கு வந்து
கையெழுத்துப் போட வேண்டும் நான்.
உள்ளே விடமாட்டார்கள்.
வந்தேன் என்பதற்கு மட்டும் ஒரு நோட்டு.
இடைநீக்கம் என்றால் இதுதான்:
தொண்ணூறு நாளைக்குப் பாதிச் சம்பளம்,
முழு வெயில்.

குற்றம், உட்கார்ந்தது.
குறிப்பாணையில் அப்படி நேராக எழுதவில்லை.
'டோக்கன் 418, செங்கமலம்,
இரண்டாம் ஷிப்டில் மாலை ஏழு நாற்பதுக்கு
கவிழ்த்த கிரீஸ் டப்பாவின் மீது
காணப்பட்டார்' என்று இருக்கிறது,
பிறை காணப்படுவதுபோல.
எழுந்திரு என்றார் சூப்பர்வைசர்.
இந்தப் பெட்டி முடியட்டும் சார் என்றேன்.
கை நிற்கவில்லை.
ரப்பர் வாஷரை விளிம்பு தடவி
நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம்
போட்டுக்கொண்டேதான் இருந்தது.
கால்தான் நிற்கமாட்டேன் என்றது.

நோட்டு வரும்வரை காத்திருக்கிற இடத்தில்,
சைக்கிள் ஸ்டாண்டுத் தூணுக்கும்
தண்ணீர் கேனுக்கும் நடுவே, ஒரு பலகை.
எட்டு வருஷம் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.
மிஷினில் விரல் பதிக்கிற அவசரத்தில்
பலகை படிக்க யாருக்கு நேரம்.
இப்போது நேரம் தந்திருக்கிறார்கள்.

நிலையாணைகள் என்று தலைப்பு.
தேர் நிலைக்கு வரும். கதவுக்கு நிலை உண்டு.
ஆளுக்கும் ஒரு நிலை எழுதி
ஆணி அடித்துவைத்திருக்கிறார்கள்.
திருட்டு, குடி, சூதாட்டம், வேலை நேரத்தில் தூக்கம்,
பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் நின்றுவிடுவது,
கண்ட இடத்தில் துப்புவது.
இரண்டு தரம் மேலிருந்து கீழே தேடினேன்.
உட்காருவது எங்கும் இல்லை.
துப்புவதுவரை யோசித்தவர்களுக்கு
ஒருத்தி உட்காருவாள் என்பது
நினைவுக்கு வரவில்லை போல.

என்னைப் பிடித்த வரி முதலிலேயே இருந்தது:
'தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ,
மேலதிகாரியின் சட்டப்படியான,
……மான ஆணைக்குக் கீழ்ப்படியாமை.'
அந்த இடத்தில்தான் ஆணி.
பழவேற்காட்டு உப்புக்காற்று தின்று
துரு வழிந்து, சொல்லின் தலை போய்
வால் மட்டும் மிச்சம்.
என்ன மான ஆணை?
அவசரமானதா? கோபமானதா? பலமானதா?
ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
எல்லாமே பொருந்தியது.

ஒன்பதாம் நாள் சூலூர்பேட்டை ரயில்
கூட்ஸுக்கு வழிவிட்டுத் தடாவில் கிடந்ததாம்.
சுப்பரத்தினம்மா ஓடிவந்தாள், செருப்பு கையில்.
அரை நாள் போச்சு, இனி மதியம்தான் உள்ளே
என்று மூச்சுவாங்கி என் பக்கத்தில் நின்றாள்.
பலகையின் வலப் பாதி தெலுங்கு.
அங்கே ஆணி வெற்றிடம் பார்த்து இறங்கியிருந்தது.
இதே வரியைப் படிடி என்றேன்.
விரல் வைத்து, எழுத்தெழுத்தாய் இழுத்து
'சமஞ்சசமைன' என்றாள்.
அப்படின்னா?
யோசித்தாள். கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.
'ஏமோ… சொன்னா எவரும்
சரேன்னு ஒப்புக்கிற மாதிரி.
நியாயமா.'

நியாயமான.
துருவுக்கு அடியில் இத்தனை வருஷம்
அதுதான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விசாரணை.
நடத்தவந்தவர் பொன்னேரி வக்கீல்.
உதவிக்குச் சகதொழிலாளி ஒருவர் வரலாம் என்று
கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது;
சுப்பரத்தினம்மா லீவு போட்டு வந்தாள்.
ஏசி அறை. மேஜையில் பிஸ்கட்.
எங்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள்.
நின்றுகொண்டிருந்தேன்.
சும்மா உட்காருங்கம்மா என்றார் வக்கீல்,
பேனா மூடியைக் கழற்றியபடி.

உட்கார்ந்தேன்.
இதை முதலில் எழுதிக்கொள்ளுங்க சார் என்றேன்.
நியாயமான ஆணை, உடனே கீழ்ப்படிந்தேன்.
மணி பத்து இருபது.

பேனா ஓடவில்லை.
சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார்.
பக்கத்து நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்து
சுப்பரத்தினம்மாவும் உட்கார்ந்தாள்.