ஒரு மில்லிமீட்டர் கடன்

ஞாயிற்றுக்கிழமையும் அவற்றுக்குப் பசிக்கும்.
ஃபெராரா நகரமே போர்த்திக்கொண்டு தூங்கும் காலையில்
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
கைகழுவி, முகமூடி மாட்டி
உள்ளே போகிறேன்.
முப்பத்தேழு டிகிரிக் கதகதப்பில்
வட்டத் தட்டொன்றில் கிடக்கிறது
யாரோ ஒருவருடைய கண்ணோரம்.

மூடியின் மேல் பெயர் இருக்காது.
'நாற்பத்தொன்று, இடது.'
அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

மீதியை மாடிப்படியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
ஆக்ரோன். அல்பேனியாவிலிருந்து வந்த கொத்தன்.
பழைய தானியக் கிடங்குக்குப் பூச்சு அடிக்கையில்
குழாய் பிய்த்துக்கொண்டு
நேரே முகத்துக்கு வந்தது.
வெண்ணெய் எந்தக் கண்ணிலும் இல்லை;
சுண்ணாம்பு மட்டும் ஒன்றில்.

கருவிழியும் வெள்ளைவிழியும் சேருமிடத்தில்
ஒரு வரப்பு உண்டு.
குருத்தணுக்கள் குடியிருப்பது அங்கே.
நாம் கண்ணைக் கசக்கிக் கசக்கி உதிர்ப்பதையெல்லாம்
சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டிருப்பவை.
வரப்பு வெந்துபோனால்
வெள்ளை உள்ளே வரும்,
சிவப்பு வேர்களோடு, களையைப் போல.
பதினொரு மாதம்
ஆக்ரோனின் வலக்கண் வெந்த மீனின் கண்.

நல்ல கண்ணிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எடுத்தார்கள்.
முதல் தட்டு
பன்னிரண்டாம் நாள் செத்துப்போனது.
யார் தவறுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.
அதை நம்ப எனக்கு
இரண்டு ராத்திரி பிடித்தது.

"இருக்கிற ஒரு கண்ணிடம்
எத்தனை தடவை கடன் கேட்பது?"
டாக்டர் ஓர்னெல்லாவிடம் கேட்டானாம்.
அவள் பதில் சொல்லவில்லையாம்.
காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான்,
கோட்டுக்கு வெளியே, கோணலாக.

ஆக, இது இரண்டாவது தட்டு.
அடியில் விரித்திருப்பது எலியின் செல்கள்;
இனிப் பெருகாதபடி கதிர் பாய்ச்சப்பட்டவை.
தமக்கென்று பிள்ளையில்லாத செவிலிகள்,
யார் வீட்டுப் பிள்ளைக்கோ மடி.
பழைய ஊட்டநீரை உறிஞ்சுகிறேன்.
புதியதை ஓரமாக வழியவிடுகிறேன்.
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், தேவையில்லாமல்.

அந்த வாரம்தான் வீட்டில் பூசணி நறுக்கும்போது
கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன்.
யாரும் தட்டில் வைக்கவில்லை,
யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவில்லை.
வியாழனுக்குள் தானே மூடிக்கொண்டது.
கோபம் வந்தது எனக்கு, நிஜமாகவே.
இவ்வளவு தெரிந்த உடம்பே,
அங்கே மட்டும் ஏன் கைவிரித்தாய்?

பேருந்துக்குக் காத்திருந்தபோது தோன்றியது:
மனமில்லாமல் இல்லை அதற்கு.
விதை இல்லை.

பதினாறாம் நாள் தட்டு நிறைந்தது.
வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசு.
பெட்டியில் வைத்து, எதிர்க்கட்டடம் வரை
நானே தூக்கிப் போனேன்,
சாலையில் கார் எதுவும் இல்லாதபோதும்
இரண்டு பக்கமும் பார்த்து.

கட்டுப் பிரித்தது நவம்பர் கடைசியில்.
வாசலோரம் நிற்க எனக்கும் இடம் கொடுத்தார்கள்.
முதன்முறை பார்க்கிறேன் அவனை:
நினைத்ததைவிடக் குள்ளம்,
நகக்கண்ணில் இன்னும் சிமென்ட்.
இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தி
வலதைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"வெள்ளை" என்றான்.
"எல்லாம் வெள்ளை."
அவன் கை கட்டில் கம்பியைத் தேடியது.

ஓர்னெல்லா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.
போ நதியிலிருந்து எழுந்த மூடுபனி
எதிர்க்கட்டடத்தை, மரத்தை, என் சைக்கிளை
முழுசாக விழுங்கியிருந்தது.
"எங்களுக்கும் அதேதான் தெரிகிறது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை உடனே.
முழுப் பார்வை இல்லை, மேகம் பாக்கி,
இன்னோர் அறுவையும் வேண்டியிருக்கும்
என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கையில்
அவன் கேட்காமல்
விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினான்:
"அந்தச் சட்டத்தைக் கோணலாக வைத்திருக்கிறான்."

ஆறு வருஷமாக இந்த அறைக்கு வருகிறேன்.
கிட்டே போய்ப் பார்த்தேன்.
ஆமாம்.
இடப்பக்கம், அரை விரல் தாழ்ந்திருந்தது.