பதினேழாவது பேச்சாளர்

சாட்ஸ்வர்த் சமூகக் கூடம். ஒரே ஒரு மின்விசிறி ஓடியது.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணியடிப்பது என் வேலை,
நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும்.

மசோதாவில் ஒரு சொல்லை மாற்றப் போகிறார்கள்.
'ஆபாசம்' வேண்டாம்,
அது பார்க்கிறவன் பக்கமிருந்து வைத்த பெயர்
என்றார் வழக்கறிஞர் துலிசீலே.
குழந்தை பக்கமிருந்து பார்த்தால்
அதன் பெயர் காயம்.
கை தட்டினார்கள். எழுதிக்கொண்டேன்.

பாஸ்டர் இருபது வருடம் என்றார்.
கோயில் கமிட்டிக்காரர் ஐம்பது.
ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது.
நடுவில் ஒரு தாய்:
"பையனைக் குளிப்பாட்டிய படம் ஆல்பத்தில் இருக்கு,
நாளைக்கு நானும் குற்றவாளியா?"
சிலர் சிரித்தார்கள்.
பத்திரிகைக்காரர் சிரிக்கவில்லை:
"இன்று இதற்குப் போடும் பூட்டு
நாளை எங்கள் வாய்க்கு."
எல்லாமே நியாயமாகத்தான் பட்டது எனக்கு,
அதுதான் தொல்லை.

பதினேழாவது, கிரீசன் மூட்லி.
பங்களாதேஷ் சந்தைக்கு எதிரே போன் ரிப்பேர்க் கடை.
மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார், தொழில் பழக்கம்.
"ஆதரவா எதிர்ப்பா, தெரியவில்லை.
திரை உடைந்த போன் ஒன்று வந்தது. மாற்றினேன்.
வெளிச்சம் சரியாக வருகிறதா என்று திறந்தேன்."

நிறுத்தினார்.
கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நொடி.

"சுவரில் வாய்ப்பாடு அட்டை ஒட்டியிருந்தது.
அதை மட்டும் சொல்கிறேன்.
அறுநூற்றைம்பது ராண்ட் வாங்கிக்கொண்டு
போனைக் கொடுத்துவிட்டேன்.
ரசீதும் போட்டேன்.
நாலு வருடம்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
உங்கள் சட்டம்
என்னைக் கேட்குமா?"

மூன்று நிமிடம்.
அடித்தேன்.
"மன்னிக்கணும்" என்று மணியிடம் சொல்வதுபோல் சொல்லி
உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி
கொஞ்சம் நகர்ந்தது.
தலைவர் தேநீருக்கு விட்டார்.
பின்வரிசையில் ஒரு போலீஸ்காரி எழுந்தாள்,
சமோசாத் தட்டுக்கா அவரிடமா
என்று பார்ப்பதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது.

இரவு, வீட்டில், குறிப்பைத் திருத்தி எழுதினேன்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
ஆதரவு. எதிர்ப்பு.
பதினாறு பேருக்கு டிக் போட்டுவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனேன்.
சமையலறைச் சுவரில் மகளின் வாய்ப்பாடு அட்டை,
ஏழெட்டு ஐம்பத்தாறின் மேல் ஜாம் விரல்தடம்.
ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் அதே சாதாரண அட்டை.
இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கும்?

விளக்கை அணைக்க மனம் வரவில்லை.
திரும்பி வந்து உட்கார்ந்து,
'பேச்சாளர் 17: நேரம் முடிந்தது'
என்று எழுதினேன்.

பிறகு அதையும்
அடித்தேன்.